படப்புத்தகம் செய்யக் கற்பது எங்கே?

தமிழில் குழந்தைகளுக்கு எழுதுவது புது வேலை அல்ல. பாட்டு என்றால் கவிமணியும் பெரியசாமித் தூரனும் அழ. வள்ளியப்பாவும் முன்னே நிற்கிறார்கள். கதை என்றால் பூவண்ணனும் வாண்டுமாமாவும். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்ட காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எழுத வந்தவர்களுக்கு அந்தப் பத்திரிகை அலுவலகங்கள்தான் பள்ளிக்கூடம். மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அடித்துத் திருத்துவார். அடுத்த இதழில் வாசகர் கடிதம் வரும். பாட்டின் சந்தமும் கதையின் ஓட்டமும் இப்படித்தான் கைக்கு வந்தன. வராமல் போனது ஒன்று உண்டு. அது படமும் எழுத்தும் சரிபாதியாகக் கதை சொல்லும் புத்தகம். அதைச் செய்தவர்கள் உலகில் எங்கே கற்றார்கள், அதில் நமக்கு எது உதவும், எது உதவாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படம் போட்ட கதைப்புத்தகம் வேறு, படப்புத்தகம் வேறு. யூரி ஷுலெவிட்ஸ் என்ற ஓவியர், 1985இல் வந்த ‘ரைட்டிங் வித் பிக்சர்ஸ்’ என்ற கையேட்டை எழுதியவர், இதற்கு எளிய சோதனை ஒன்று சொன்னார். வானொலியில் வாசித்தால் கதை முழுதாகப் புரிகிறதா? புரிந்தால் அது கதைப்புத்தகம். எதையோ தவறவிட்ட மாதிரி இருந்தால் அது படப்புத்தகம். நம் ஊரில் படப்புத்தகம் என்ற பெயரில் விற்பவற்றில் பல இந்தச் சோதனையில் தேறாது. மரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது என்று எழுத்து சொல்லும். மேலே மரமும் இருக்கும், குரங்கும் இருக்கும். குழந்தைக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

சோதனையில் தேறும் புத்தகத்துக்கு நல்ல உதாரணம் பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’. 1968இல் வந்தது. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். பண்ணைக் கோழி ஒன்று உலாவப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறது. எழுத்து சொல்வது அவ்வளவுதான். படத்திலோ முதலிலிருந்தே ஒரு நரி பின்னால் வருகிறது. பாயப் போகும்போது வாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது; குளத்தில் விழுகிறது; மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது; கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்கும் இல்லை. கோழிக்கும் தெரியவில்லை, கதை சொல்கிறவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பார்க்கிற குழந்தைக்கு மட்டும் தெரியும். வாசிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, வாசித்துக் காட்டும் பெரியவரைவிட அதிகம் தெரிந்தவராக உட்கார்ந்திருக்கிறார். அவர் கத்தாமல் என்ன செய்வார்?

இது ஹட்சின்ஸின் முதல் புத்தகம். அவரே பின்னாளில் சொன்னபடி, முதலில் எழுதிக் கொண்டுபோனது பண்ணை விலங்குகளின் சத்தங்களைப் பற்றிய நீளமான, சுவாரஸ்யமில்லாத ஒன்று. அதில் நரி சத்தமே போடாது என்று ஒரு வரி வந்தது. பதிப்பாசிரியர் சூசன் ஹிர்ஷ்மனுக்குப் பிடித்தது அந்த ஒரு வரிதான். சத்தம் போடாத நரி எழுத்திலிருந்தே விலகிப் படத்துக்குள் போய்விட்டது. எழுதுகிறவர் எதை எழுதாமல் விட வேண்டும், வரைகிறவர் எழுதாததை எப்படி வரைய வேண்டும் என்பதே இந்தக் கலையின் பெரும்பகுதி. எழுத்துப் பயிற்சி தனியாக, ஓவியப் பயிற்சி தனியாக எவ்வளவு இருந்தாலும் இது அதில் அடங்காது. இரண்டும் சந்திக்கும் மேசை ஒன்று வேண்டும். அங்கே மூன்றாவது ஆளாக ஒரு பதிப்பாசிரியரும் வேண்டும்.

மாரிஸ் செண்டாக்கின் கதையும் இதையே சொல்கிறது. அவர் இரவு வகுப்பில் ஓவியம் பயின்றவர், நியூயார்க்கில் ஒரு பொம்மைக் கடையின் காட்சி ஜன்னலை அலங்கரித்தவர். ஹார்ப்பர் பதிப்பகத்தின் அர்சுலா நோர்ட்ஸ்ட்ராம் அவரை அழைத்து, பத்தாண்டுக்கும் மேலாகப் பிறர் எழுதிய புத்தகங்களுக்குப் படம் வரைய வைத்தார். 1955லேயே செண்டாக் காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம், செய்து வைத்திருந்தார். ஆனால் அவருக்குக் குதிரை வரைய வராது. வேறு என்னதான் வரும் என்று நோர்ட்ஸ்ட்ராம் கேட்கப் போய், குதிரை இருந்த இடத்தில் பெயரில்லாத பூதங்கள் வந்தன. 1963இல் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ வெளியானது.

இந்தப் புத்தகத்தைக் கதைக்காக இல்லாமல் அமைப்புக்காக ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் படம் வெள்ளைத் தாளின் நடுவே அஞ்சலட்டை போலச் சின்னதாக இருக்கிறது. பையனின் அறையில் காடு வளர வளரப் படமும் வளர்கிறது. ஓரத்து வெள்ளை மறைந்து, படம் எதிர்ப்பக்கத்துக்குள்ளும் நுழைந்து எழுத்தை ஓரம்கட்டுகிறது. கூத்து உச்சத்துக்குப் போகும்போது அடுத்தடுத்து மூன்று விரிப்புகளில் (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு) எழுத்தே கிடையாது. பையன் வீடு திரும்பத் திரும்பப் படம் சுருங்கி, கடைசிப் பக்கத்தில் இல்லாமலே போகிறது. சாப்பாடு இன்னும் ஆறவில்லை என்ற தகவல் மட்டும் மிஞ்சுகிறது. பையனின் கோபம் எவ்வளவு பெரிதானது, எப்போது தணிந்தது என்பதைப் படத்தின் அளவே சொல்லிவிடுகிறது. ஓவியக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் படத்தின் அளவைக் கதையின் வினைச்சொல்லாக்குவது எப்படி என்று ஒரு பாடம் இருக்காது. எழுத்துப் பட்டறையிலும் இருக்காது. அதைக் கற்றுத் தருவது டம்மி.

டம்மி என்பது வேறொன்றுமில்லை, எட்டுத் தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்கம். உலகெங்கும் படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமாக இருப்பதற்குக் காரணம் அச்சகம்தான். நம் அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக இரண்டு ஃபாரம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போகக் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 விரிப்புகள். அந்தப் பன்னிரண்டு திருப்பலுக்குள் கதை தொடங்கி முடிய வேண்டும். ஒவ்வொரு வலப்பக்கத்தின் கீழ் ஓரத்திலும் குழந்தையின் விரல் காத்திருக்கிறது. விரல் தாளைத் திருப்புவதற்கு ஒரு காரணத்தை எழுத்தோ படமோ தந்தாக வேண்டும். கதையை நன்றாக எழுதிவிட்டேன், பக்கம் பிரிப்பதை டிசைனர் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிற எழுத்தாளர், சமைக்கிற வேலையைப் பரிமாறுகிறவரிடம் விட்டவர்.

பதிப்பாசிரியரும் டம்மியும் போக, மூன்றாவது ஆசிரியர் குழந்தை. இதை ஒரு கல்விமுறையாகவே செய்துபார்த்தவர் லூசி ஸ்ப்ரேக் மிட்செல். நியூயார்க்கில் பாங்க் ஸ்ட்ரீட் என்று பின்னாளில் பெயர் பெற்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைக் கட்டியவர் அவர். சின்னப் பிள்ளைகள் எதைப் பேசுகிறார்கள், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்கிறார்கள் என்று குறித்துவைத்து, அந்தக் குறிப்புகளிலிருந்து 1921இல் ‘ஹியர் அண்ட் நவ் ஸ்டோரி புக்’ கொண்டுவந்தார். ராஜா ராணி, தேவதை வேண்டாம். பிள்ளைக்கு எதிரே இருக்கிற நாற்காலியும் தெருவும் போதும் என்பது அவர் கட்சி. அதைச் சொன்னபோது நூலகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் அவர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு பட்டறையையும் அங்கே தொடங்கினார். குழந்தை இலக்கியத்துக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் என்று சொல்லத் தக்கவற்றில் அது முன்னோடி. அங்கே பயின்ற மார்கரெட் வைஸ் பிரவுன்தான் 1947இல் ‘குட்நைட் மூன்’ எழுதினார். ரூத் க்ராஸும் அங்கிருந்து வந்தவர். குழந்தைகள் தாமாகச் சொன்ன விளக்கங்களைத் திரட்டி அவர் செய்த ‘எ ஹோல் இஸ் டு டிக்’ என்ற 1952ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் செண்டாக். கதையில் மிட்செல் பிடித்த பிடிவாதம் எனக்கு ஒப்புதல் இல்லை; பேயும் பூதமும் இல்லாத குழந்தைப் பருவம் எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் முறை சரி. எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும்.

நம் பள்ளிகளில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. டீச்சர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் எல்லாக் கதையும் ரொம்ப நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். அதனால் வாயைக் கேட்கக் கூடாது, கையைக் கவனிக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் விரல் அவசரப்பட்டுத் தாளைத் தள்ளுகிறது, எந்தப் படத்தில் விரல் ஊன்றி நிற்கிறது, எப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் பொய் சொல்லாத விமர்சனம்.

இனி வகுப்பறைக் கல்வி. கேம்பிரிட்ஜ் கலைப் பள்ளியில் மார்ட்டின் சாலிஸ்பரி உருவாக்கிய சிறார் நூல் ஓவிய முதுகலைப் படிப்பு இன்று உலகப் பெயர் பெற்றது. அங்கே அடிப்படை, நேரில் பார்த்து வரைவது. கணினி முன் உட்காரும் முன் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் குறிப்பேட்டோடு உட்கார வேண்டும். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1964 முதல் நடக்கும் சிறார் புத்தகச் சந்தை இன்னொரு வகைப் பள்ளி. புதிய ஓவியர்கள் படக் கட்டோடு அரங்கம் அரங்கமாக ஏறி இறங்கும் இடம். இதெல்லாம் பணமும் விசாவும் உள்ளவர்களுக்கு.

காசில்லாமல் கற்க நான் பரிந்துரைப்பது மாலி பேங் 1991இல் வெளியிட்ட ‘பிக்சர் திஸ்’ நூலில் உள்ள பயிற்சி. நான்கு நிறத் தாள், ஒரு கத்தரிக்கோல். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை வடிவங்களால் மட்டும் சொல்ல வேண்டும். சிறுமி ஒரு சிவப்பு முக்கோணம், மரங்கள் நெட்டுக்குத்தாகக் கறுப்புப் பட்டைகள். முக்கோணத்தைச் சிறிதாக்கி மரங்களுக்குப் பின்னால் தள்ளுங்கள், பயம் வருகிறது. மரங்களைச் சற்றே சாயுங்கள், பயம் கூடுகிறது. ஓநாய்க்குக் கூரான முனைகள். முனையை மழுக்கினால் அது நாய்க்குட்டி ஆகிவிடும். படம் வரையவே தெரியாத எழுத்தாளரும் ஒரு மாலையில், பக்கத்தில் எது எங்கே நிற்கிறது என்பதே ஒரு வாக்கியம் என்று புரிந்துகொள்வார். எழுத்தாளர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டும் என்பேன். ஓவியருக்கு அனுப்பும் குறிப்பில் ‘சிறுமி பச்சைப் பாவாடை அணிந்து, இடக்கையில் கூடையுடன், புன்னகைத்தபடி’ என்று எழுதும் பழக்கம் அதோடு போகும்.

இப்போது தமிழுக்கு வருவோம். நம்மிடம் ஓவியருக்குப் பயிற்சிக்களமே இல்லாமல் போகவில்லை. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா அப்படி ஒன்று. சங்கர் என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன், சென்னை ஓவியக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் படித்தவர். கலைமகளில் வேலை பார்த்துவிட்டு 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். அறுபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக அங்கேயே வரைந்தார். தோளில் பிணம், கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் அவர் கை. அவரும் சித்ரா, வபா போன்றவர்களும் மாதச் சம்பளத்தில், ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வரைந்தார்கள். உடையும் நகையும் தூணும் எந்தக் காலத்தவை என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. ஆனால் அந்த முறையில் கதை முதலில் முடிந்துவிடும், படம் பிறகு வரும். படம் கதையை மீறிப் பேச இடமில்லை. பிற்காலப் பத்திரிகைகளில் அதுவும் தேய்ந்து, ‘ரெண்டு படம் போட்டுக் கொடுங்க சார், நாளைக்கு ஃபாரம் ஓடுது’ என்ற தொலைபேசி அழைப்பாகிவிட்டது. ஓவியர் கதையின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வரைந்த படங்கள் நம் பத்திரிகைகளில் நிறைய உண்டு, பார்த்தாலே தெரியும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தது சென்னையில் 1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். பார்த்ததை அவர் வரைந்தார், வாயால் சொன்னார். எழுத்து பிறகு அதைச் சுற்றிக் கட்டப்பட்டது. 2004இல் வந்த ‘த லண்டன் ஜங்கிள் புக்’ அட்டையில் பிக் பென் கடிகாரமும் சேவலும் ஒன்றாகிவிட்டன, இரண்டும் நேரம் சொல்கிறவைதானே. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாக நெளிகிறது. எந்த எழுத்தாளரும் குறிப்பெழுதி வாங்கியிருக்க முடியாத படங்கள் இவை. 2006இல் வந்த ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலுக்குப் பொலோஞ்ஞாவில் பரிசும் கிடைத்தது. சுவரிலும் தரையிலும் வரைந்து பழகிய கோண்டு ஓவியர்களுக்குத் தாளின் மடிப்பு, ஓரம், அடுத்த பக்கம் என்பவை புதிது. பட்டறைகளில் பதிப்பகம் கற்றுக் கொடுத்தது அதை. படம் எப்படிச் சிந்திக்கும் என்பதைப் பதிப்பகம் அவர்களிடமிருந்து கற்றது. விலையும் கைத்தாளும் காரணமாக அந்தப் புத்தகங்களில் பல நம் அரசுப் பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டவில்லை என்பது உண்மைதான்.

எட்டும் விலையில் இதைச் செய்யப் புகுந்தால் அச்சகத்தின் கணக்கைக் கற்றே ஆக வேண்டும். 1996இல் தொடங்கிய சென்னையின் துலிகா பதிப்பகம் ஒரே படப்புத்தகத்தைத் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் கொண்டுவருகிறது. இப்படிப் பல மொழியில் அடிக்கும்போது செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. படத்தின் நாலு கலர் பிளேட்டும் அப்படியே இருக்கும். எழுத்துக்கான கறுப்பு மட்டும் மொழிக்கு மொழி மாறும். ஆகவே எழுத்து கறுப்பில்தான் இருக்க வேண்டும். இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்து அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் எல்லாப் பிளேட்டையும் மாற்ற வேண்டிவரும். கடையின் பெயர்ப்பலகையைப் படத்துக்குள் எழுதிவிட்டால் அதே தொல்லை. தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளும், அதற்கும் இடம் விட்டு வரைய வேண்டும். இதையெல்லாம் ஓவியருக்கு யாரும் வகுப்பில் சொல்வதில்லை. முதல் புத்தகத்தில் அடிபட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

எழுதுகிறவர் கற்க வேண்டிய தமிழ்ப் பாடம் ஒன்றும் இருக்கிறது, அதை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லித் தராது. டாக்டர் சூஸ் ‘த கேட் இன் த ஹேட்’ நூலை 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து எழுதினார் என்பது பட்டறைகளில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. ‘வா’ என்ற ஒரு வேரே வந்தான், வருகிறேன், வரமாட்டாள், வந்துகொண்டிருந்தார்கள் என்று விரிந்துகொண்டே போகும். முதல் வகுப்புப் பிள்ளை தடுக்கி விழுவது சொல்லின் புதுமையில் அல்ல, அதன் நீளத்தில். புணர்ச்சியில் ஒட்டிக்கொண்ட வாலில். ‘மரத்திலிருந்தெல்லாம்’ என்று எழுதிவிட்டு, எளிய சொல்தானே என்று சொல்ல முடியாது.

அதே தமிழ் பக்கம் திருப்புவதில் ஒரு வசதியைத் தருகிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். பக்கக் கடைசியில் ‘பெட்டியைத் திறந்தால்’ என்று நிறுத்தினால் போதும், விரல் தானே நகரும். வினையெச்சங்களை விரிப்புக்கு ஒன்றாகத் தொடுக்கலாம்: தாண்டி, சுற்றி, ஏறி, நுழைந்து என்று கோழி நடந்துகொண்டே இருக்க, வினைமுற்று கடைசிப் பக்கத்தில் வந்து கதவைச் சாத்தும். ஹட்சின்ஸின் ஒற்றை வாக்கியம் தமிழில் இன்னும் பொருத்தமாக உட்காரும் என்றே தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்படும் பல படப்புத்தகங்களில் இதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் வினை முதல் பக்கத்திலும் இடம் அடுத்த பக்கத்திலும் இருக்கும். தமிழில் அது புரளும்போது, படம் சொல்லப் போகும் ரகசியத்தை முந்தைய பக்கத்திலேயே எழுத்து உடைத்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு வேர்ட் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டுப் படப்பக்கங்களை அனுப்பாததால் வரும் வினை இது.

இன்று தமிழில் வாய்ப்புகள் முன்னைவிடக் கூடியிருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களை எடுத்துப் புதுக்கதை கோத்துப் பழகலாம், காசு வேண்டாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நீளமான சொல்லைத் தவிர்ப்பது எப்படி என்பதை எழுத்தாளர்கள் உண்மையிலேயே யோசிக்க வேண்டிவந்த இடம் அது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பள்ளிக்கே போகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் முட்டுக்கட்டை பணம்தான். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் தரப்படுகிறது, அது எழுத்தாளருக்கு. அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கம் 1938 முதலே ஓவியருக்குப் போகிறது. சிறார் இலக்கியத்துக்கான பன்னாட்டு ஆண்டர்சன் விருதும் 1966இல் ஓவியருக்குத் தனிப் பரிசு சேர்த்துக்கொண்டது. தமிழில் ஓவியருக்குப் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதோடு கணக்கு முடிந்தது. அடுத்த பதிப்பில் பங்கு கிடையாது. இப்படிக் கூலி வாங்குகிறவரிடம் மூன்று டம்மி செய்து, இரண்டைக் கிழித்துப் போடச் சொல்ல யாருக்கு வாய் வரும்? செண்டாக்கின் குதிரை பூதமாக எட்டு ஆண்டு ஆனது. அந்த எட்டு ஆண்டும் அவருக்கு வேறு புத்தகங்களில் வேலை இருந்தது, ராயல்டி இருந்தது.

எங்கே போய்ச் சேர்ந்து கற்பது என்று கேட்கும் இளம் ஓவியருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பதிப்பகத்தின் புத்தகங்களில் நான்கைந்தை எடுத்து, ஓவியர் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அட்டையில் எழுத்தாளர் பெயரின் அளவிலேயே இருந்தால் அங்கே டம்மி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள், திருத்தியதற்கும் காசு தருவார்கள். பதிப்பு விவரப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தால், நாளைக்கு ஃபாரம் ஓடுது என்ற அழைப்புக்குத் தயாராகிக்கொள்ளலாம்.